மறுமலர்ச்சிக்கும் அறிவொளிக்கும் நான் தீர்ப்புச் சொன்ன நாள்

வகுப்பை நடுவால் பிரித்தேன். ஜன்னல் பக்கம் இருந்தவர்களைப் பார்த்து, "நீங்கள் எல்லோரும் மறுமலர்ச்சிக் காலம்" என்றேன். கதவுப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்து, "நீங்கள் அறிவொளிக் காலம்" என்றேன். பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன சில்வர் கரண்டியால் தேநீர்க் கோப்பையில் 'டிங்' என்று ஒரு தட்டுத் தட்டினேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு வான் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிற பீப் பீப் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ மைக்ரோவேவில் சூடாக்கிய மீன்கறியின் மணம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை.

முன்வரிசையில் இருந்த ஹமீத் கையை உயர்த்தினான். ஆப்கானிஸ்தான்காரன். என்னைவிட இளையவன். "சிவா, நான் என்ன பேச வேண்டும்? எனக்கு மறுமலர்ச்சியில் ஒருவரையும் தெரியாதே."

"தெரியத் தேவையில்லை. உன்னுடைய கட்சிக்கும் நானே பேசுவேன். நீ கைதட்டினால் போதும்."

கடைசி வரிசையில் என் பேச்சுக்குப் புள்ளி போடுவதற்காக இருந்த எங்கள் ஆசிரியை கேத் ரீச்சர் பேனையைக் கீழே வைத்தார்.

பிள்ளைகளே, இது நாங்கள் சிட்னியில் இருந்த காலம். சென்ற வாரம் இந்தப் பத்தியில் செவன் ஹில்ஸ் குளிர்களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கிய கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு பிள்ளை, "அங்கிள், பிறகு ஏன் அந்த வேலையை விட்டீர்கள்?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. பதில் ஐரோப்பாவைச் சுற்றித்தான் வரும். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

முழங்கால் சொன்னது

குளிர் அறைக்குள் தடித்த ஜாக்கெட், தடித்த கையுறை எல்லாம் தருவார்கள். முழங்காலுக்கு மட்டும் ஒன்றும் தரமாட்டார்கள். மூன்றாவது குளிர்காலத்தில் என் முழங்கால்கள் படி ஏறும்போது பேசத் தொடங்கிவிட்டன.

இலங்கையில், ஊரில் நான் வயரிங் வேலைக்குக் கூடமாடப் போனவன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். இங்கே அதைச் செய்ய வேண்டுமென்றால் முறையாகப் படிக்க வேண்டும். படிக்கச் சேர வேண்டுமென்றால் பத்தாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ் வேண்டும். என்னுடைய படிப்போ எட்டாம் வகுப்பில், போரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது நின்றது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கவில்லை, அடைக்கலம் தேடி வந்த குடும்பங்கள் இருந்தன.

ஆகவே வேலை முடிந்து வாரத்தில் சில மாலைகள், வளர்ந்தவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கணக்குத் தேறினேன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித் தேறினேன். மிச்சம் இருந்தது வரலாற்றுப் பாடம், அதிலும் ஒரேயொரு பேச்சு. அதில் தேறினால் சான்றிதழ். பெப்ரவரியில் மின்வேலைப் படிப்பில் எனக்காக ஓர் இடத்தை வைத்திருந்தார்கள். தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு, எனக்குப் பழையபடி குளிர் அறை.

கேத் ரீச்சர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குள் தலைப்புகளைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். பேச்சில் என்னென்ன வர வேண்டும் என்று அச்சடித்த ஒரு தாளும் தந்தார். எனக்குப் பக்கத்தில் இருக்கும் வியட்நாம்காரி லான் அக்காவுக்குச் சிட்னித் துறைமுகப் பாலம் வந்தது. ஹமீதுக்குத் தங்கம் தோண்டிய காலம் வந்தது. நான் விரித்துப் பார்த்தேன். 'மறுமலர்ச்சிக் காலத்தையும் அறிவொளிக் காலத்தையும் ஒப்பிடுக.'

லான் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்" என்கிற மாதிரி என் தோளில் தட்டினார்.

மகள் சொன்ன சுருக்கம்

எனக்கு அப்போது அந்த இரண்டு காலத்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. வீட்டில் கேட்கவேண்டியதாயிற்று. மகள் மதுரா அப்போது பத்தாம் வகுப்பு. மகன் ஆரூரன் ஆறாம் வகுப்பு. மதுரா தன் பள்ளி நூலகத்திலிருந்து தலையணை மாதிரி ஒரு புத்தகம் எடுத்து வந்தாள்.

"அப்பா, சிம்பிளாச் சொல்றன். ரெனசான்ஸ் ஆட்கள், பழைய கிரேக்க, ரோம சாமான் எல்லாத்தையும் தேடி எடுத்து, தூசி தட்டி, 'வாவ்' எண்டு பார்த்தவை. படம் கீறினவை, சிலை செய்தவை. மனுசன்ர உடம்பை, முகத்தை வடிவாக் கவனிச்சுப் பார்த்தவை. இத்தாலியில தொடங்கினது. ஓகே?"

"ஓகே."

"என்லைட்டன்மென்ட் அதுக்குப் பிறகு, டூ ஹண்ட்ரட், த்ரீ ஹண்ட்ரட் இயர்ஸ் கழிச்சு. பாரிஸ், லண்டன், அந்தப் பக்கம். அவை ராசாவையும் சாமியாரையும் பார்த்து, 'ஆர் சொன்னது? எப்பிடித் தெரியும்? ப்ரூஃப் என்ன?' எண்டு கேட்டவை. கோப்பிக் கடையில இருந்து கதைச்சு, சண்டை பிடிச்சு, உலகத்தில தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதி அச்சடிச்சவை."

ஆரூரன் தலையை நீட்டினான். "அப்ப அக்கா என்லைட்டன்மென்ட். அப்பா ரெனசான்ஸ். பழைய சாமான் ஒண்டும் எறிய விடமாட்டார்."

என் மனைவி வசந்தி குசினிக்குள் இருந்து சிரித்தாள். "கராஜைத் திறந்து பாருங்கோ, தெரியும்."

அது உண்மைதான்.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். பெரிய புத்தகத்தைக் கண்டு பயப்படாதீர்கள். யாராவது ஒருவர் உங்களுக்குச் சுருக்கிச் சொல்லிவிட்டால், பிறகு அந்தப் புத்தகம் கதவைத் திறந்துவிடும். எனக்கு அப்படித்தான் திறந்தது. மதிய இடைவேளையில் களஞ்சியத்துக்கு வெளியே வெயிலில் நின்று, அகராதியும் கையுமாக அதை வாசித்தேன். கை விறைப்பு எடுபட்டால்தான் பக்கம் புரட்ட வரும்.

தீர்ப்பு இல்லாமல் வீட்டுக்குப் போவதா?

வாசித்ததெல்லாம் சரி. ஆனால் எப்படிப் பேசுவது?

மேடைப்பேச்சு என்றால் எனக்குத் தெரிந்தது பட்டிமன்றம்தான். சிட்னியிலும் அதற்குக் குறைவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது சென்னையிலிருந்து யாராவது வருவார்கள். ஏதாவது ஒரு பள்ளி மண்டபத்தில் கதிரை போட்டு, வெளியே வடையும் தேநீரும் வைத்து, 'குடும்பத்தைக் கொண்டு நடத்துவது சம்பளமா, சாமர்த்தியமா' என்று இரண்டு மணித்தியாலம் பேசுவார்கள். நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். கடைசியில் நடுவர் எழும்புவார். அந்த நேரம் மண்டபத்தில் குழந்தைகூட அழாது. தீர்ப்புச் சொல்லாமல் ஒரு நடுவர் இறங்கிப் போனால் சனம் அவரை விமான நிலையம் வரை துரத்திக்கொண்டு போகும்.

ஆகவே 'ஒப்பிடுக' என்றால் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்வது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். எனக்கு வேறு விதமாக நினைக்கவே வரவில்லை.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களே, அவையோர்களே" என்று ஆங்கிலத்தில் தொடங்கியதும் ஆரூரன் கம்பளத்தில் விழுந்து உருண்டான். மதுரா மட்டும், "அப்பா, ஷீட்டை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோவன். என்ன கேட்டிருக்கினம் எண்டு வடிவாப் பார்த்தனீங்களா?" என்றாள்.

"எல்லாம் பார்த்தாச்சு" என்றேன்.

கோப்பையில் தட்டிய பிறகு

இப்போது வகுப்புக்குத் திரும்புவோம். அங்கே ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஜன்னல் பக்கத்துக்காகப் பேசினேன். ஓவியம், சிற்பம், அச்சு இயந்திரம் வந்த கதை எல்லாம் சொன்னேன். ஹமீத் கடமைக்குக் கைதட்டினான். பிறகு சுற்றி அடுத்த பக்கம் போய், நான் இவ்வளவு நேரமும் சொன்னதை நானே மறுத்தேன். "படம் கீறினால் போதுமா? சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று சொன்னது யார்? கேள்வி கேட்கலாம் என்று சொன்னது யார்?" என்று கையை நீட்டிக் கேட்டேன். கதவுப் பக்கம் உசாராகிவிட்டது. லான் அக்கா மேசையில் தட்டி, "நாங்கள், நாங்கள்!" என்றார்.

நடுவில் வந்து நின்று கோப்பையில் தட்டினேன். "அறிவொளிக் காலமே பெரியது!"

கதவுப் பக்கம் ஆரவாரம். ஹமீத் எழும்பி நின்றுவிட்டான். "இது அநியாயம். எங்கள் பக்கம் பேசும்போது நீ மெதுவாகப் பேசினாய். அவர்களுக்குச் சத்தமாகப் பேசினாய். எனக்குத் தெரியும், நீ முதலே முடிவு எடுத்துவிட்டாய்."

"நடுவரை எதிர்த்துப் பேசக்கூடாது" என்றேன்.

கேத் ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"சிவா, இந்த வருடம் இந்த அறையில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் வரலாறு பேசவில்லை." பிறகு ஒரு தாளில் ஒன்றோடொன்று கொஞ்சம் ஏறினாற்போல் இரண்டு வட்டம் கீறினார். "இந்தப் பக்கம் நிறையச் சொன்னீர்கள். அந்தப் பக்கமும் சொன்னீர்கள். இரண்டும் ஏறி நிற்கிற இந்த நடு இடத்தில் என்ன இருக்கிறது?"

நான் அந்த இடத்தையே பார்த்தேன். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

"நான் தேறவில்லையா?"

"இன்னும் இல்லை" என்றார். "அடுத்த வாரம் கடைசி வகுப்பு. திரும்பப் பேசுங்கள். அதற்குப் பிறகு என்னால் காலம் தர முடியாது."

பிள்ளைகளே, எத்தனையோ பேர் எனக்கு 'இல்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். 'இன்னும் இல்லை' என்று சொன்னவர் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் அவரை நினைக்கிறேன்.

நடு வட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை. புட்டும் சம்பலும். சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் அந்த இரண்டு வட்டத்தையும் வைத்தேன்.

"நான் சொன்னனான்தானே ஷீட்டைக் காட்டச் சொல்லி" என்றாள் மதுரா.

"சரி, இப்ப காட்டுறன். நடுவில என்ன போடலாம், சொல்லுங்கோ."

"ரெண்டும் யூரோப்" என்றான் ஆரூரன்.

"அது மட்டும் காணாதடா."

"ரெண்டிலயும் ஆம்பிளையளைப் பற்றித்தான் கதை" என்றாள் மதுரா. "பொம்பிளையளும் இருந்திருக்கினம். ஆனா புத்தகத்தில ஒரு பெட்டிக்குள்ள சின்னதாப் போட்டிருக்கு."

வசந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். "அதைப் போடுங்கோ முதல்ல."

போட்டேன்.

"இன்னொண்டு. ரெண்டு காலத்திலயும் கப்பல் ஏறிப் போய் மற்றவையின்ர நாட்டைப் பிடிச்சவை. ரெனசான்ஸ் நேரம்தான் போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்தது. கதிரை, குசினி, அலுமாரி எல்லாம் அவையின்ர சொல்லாம்" என்றாள் மதுரா.

நான் இருந்த கதிரையை ஒருமுறை குனிந்து பார்த்தேன். மறுமலர்ச்சிக் காலத்தின் மேல் இவ்வளவு நாளும் ஏறி இருந்திருக்கிறேன்.

"என்லைட்டன்மென்ட் முடியிற நேரம் இங்கிலீஷ்காரர் இஞ்ச வந்தவை. சிட்னிக்கு. எல்லாருக்கும் உரிமை எண்டு அங்க எழுதிப்போட்டு, இஞ்ச வந்து, இது ஒருத்தருக்கும் சொந்தமில்லாத நிலம் எண்டவை. இஞ்ச ஆட்கள் இருக்கேக்கயே."

அதையும் எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை, ஆனால் அது உண்மை. இந்த நாட்டுக்கு நன்றி சொல்கிறவன் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் எனக்கு ஒன்று குறைந்தது. பேச்சுக்கு உயிர் வரவில்லை.

களஞ்சியத்தில் வேலை செய்கிறவனுக்கு ஒரு பழக்கம். எந்தப் பெட்டியைக் கண்டாலும் முதலில் பார்ப்பது இது எங்கேயிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்பதைத்தான். அதே பழக்கத்தில் கேட்டேன். "மதுரா, அந்தப் பழைய கிரேக்கப் புத்தகங்கள் இத்தாலிக்கு எப்பிடி வந்தது? ஆர் கொண்டு வந்தது?"

"வாட் டு யூ மீன்?"

"கிரேக்கம் ஒரு பக்கம், இத்தாலி ஒரு பக்கம். புத்தகம் தானா நடந்து வராதுதானே."

அவள் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேடி, விரலை வைத்துக்கொண்டு வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் மெதுவாகியது.

"கொன்ஸ்தாந்திநோபிள் எண்டு ஒரு பெரிய நகரம். இப்ப அது இஸ்தான்புல். அங்க சண்டை. நகரம் விழ முதலும் விழுந்த பிறகும் படிச்ச ஆட்கள் வெளிக்கிட்டு இத்தாலிக்கு வந்திருக்கினம். கையில புத்தகத்தோட. வந்து அங்க கிரேக்கம் படிப்பிச்சிருக்கினம்." நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, தே வேர் ரெஃபியூஜீஸ்."

வசந்தி சம்பல் கிண்ணத்தை எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றாள்.

"அவையளாலதான் அந்தக் காலம் தொடங்கினதோ?" என்று கேட்டேன்.

"இல்லை, அது முதலே தொடங்கிட்டுது. ஆனா அவை வந்ததால பெரிசாகினது எண்டு போட்டிருக்கு. கூட்டிச் சொல்லக் கூடாது."

ஆரூரன் புத்தகத்தை இழுத்தான். "மற்றக் காலத்தையும் பாப்பம். மூவ், அக்கா."

இரண்டு பேரும் ஒரு புத்தகத்தின் மேல் தலையை முட்டிக்கொண்டு தேடினார்கள். கண்டுபிடித்தது ஆரூரன்தான். பிரான்சில் ராசாவின் மதத்தில் சேர மறுத்தவர்களின் கோவில்களை இடித்திருக்கிறார்கள். அவர்கள் ஒல்லாந்துக்கும் லண்டனுக்கும் பெர்லினுக்கும் ஓடியிருக்கிறார்கள். நெசவுகாரர், மணிக்கூடு செய்கிறவர், அச்சடிக்கிறவர் எல்லோரும். பிரான்சில் அச்சடிக்கவிடாத புத்தகங்களை அவர்கள் போன இடத்தில் அச்சடித்து, ஒளித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கேள்வி கேட்கிற காலம் அப்படியும் பரவியிருக்கிறது.

அந்த நாட்களில் தொலைக்காட்சியைப் போட்டால் படகில் வருகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. பாரம், பிரச்சினை என்கிற சொற்களைப் பிள்ளைகள் முன்னால் கேட்க நேரும்போது நான் சனலை மாற்றிவிடுவேன். நாங்கள் விசா கிடைத்து விமானத்தில் வந்தவர்கள். ஆனாலும் மாற்றுவேன்.

வசந்தி சொன்னாள். "நடுவில அதைப் போடுங்கோப்பா. பெரிசாப் போடுங்கோ."

ஹமீத் கேட்ட கேள்வி

கடைசி வகுப்புக்குக் கோப்பையும் கரண்டியும் கொண்டுபோகவில்லை. கரும்பலகையில் இரண்டு வட்டம் கீறினேன். ஒன்று முட்டை மாதிரி வந்தது.

ஒரு காலம் பழையதைத் திரும்பிப் பார்த்தது என்று சொன்னேன். மற்றது பழையதைக் கேள்வி கேட்டது என்று சொன்னேன். முதலாவது அழகைத் தேடியது, இரண்டாவது ஆதாரத்தைத் தேடியது. ஆனால் முதலாவது மனிதனை நன்றாகப் பார்க்கப் பழக்கியிருக்காவிட்டால் இரண்டாவதற்கு மனிதனின் உரிமையைப் பற்றி யோசிக்க வந்திருக்குமோ தெரியாது என்றும் சொன்னேன். பெண்களைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் மதுரா சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு நடுவில் எழுதினேன்: 'ஓடிவந்தவர்கள்.'

அவர்கள் கொண்டுவந்த புத்தகங்களைப் பற்றியும் செய்த தொழில்களைப் பற்றியும் சொல்லி முடித்தேன். அந்த அறையில் ஓடிவராதவர் ஒருவரும் இல்லை, கேத் ரீச்சரைத் தவிர. அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"கேள்வி இருக்கிறதா?" என்றார்.

ஹமீத் கையை உயர்த்தினான். "சிவா, அந்த ஆட்கள் பிறகு தங்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்களா?"

அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் அப்போது எல்லை தாண்டி குவெட்டா நகரத்தில், விசாவுக்குக் காத்திருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"தெரியாது, ஹமீத்" என்றேன். "அவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. திரும்பிப் போனதைப் பற்றி நான் தேடிப் பார்க்கவில்லை."

லான் அக்கா திரும்பாமலே சொன்னார். "போயிருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும்."

வகுப்பே சிரித்தது. ஹமீதும் சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகு, "அப்படியென்றால் நானும் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவாக ஒரு வீடு பார்த்து வைக்க வேண்டும்" என்றான்.

கேத் ரீச்சர் என் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "பெப்ரவரியில் வயர் இழுக்கப் போகிறீர்கள், சிவா."

காருக்குள் இருந்துதான் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மதுரா எடுத்தாள்.

"அப்பா, பாஸா?"

"ஓம்."

"அம்மா! ஆரூ! அப்பா பாஸ்!" என்று வீட்டுக்குள் கத்தினாள். ஏதோ விழுந்து உருண்ட சத்தம். "உண்மையாவோ? வடிவாக் கேள், பிள்ளை" என்று வசந்தியின் குரல். "நான்தான் கண்டுபிடிச்சது, நான்தான் கண்டுபிடிச்சது" என்று ஆரூரன். "ஹாஃப் மட்டும்தான்டா நீ" என்று மதுரா.

போனை வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் வைக்கவில்லை. அவர்கள் கத்தி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் காரை எடுத்தேன்.